யாரிடம் கொடுப்பது ராஜினாமாவை?

காரோடு ஊர்க்காரியான எனக்கு, கேரள அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால், 56 வயதில் ஓய்வு. களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 60. எங்கள் கத்தோலிக்க ஆயர்களுக்கு மட்டும் எல்லைக்கு இரு பக்கமும் 75. அந்த வயது வந்ததும் அவர்களே ராஜினாமாக் கடிதம் எழுதித் திருத்தந்தைக்கு அனுப்ப வேண்டும். உடனே ஏற்பதோ தள்ளிப்போடுவதோ அவர் விருப்பம்.

திருவனந்தபுரம் பேராயராக இருந்த சூசைபாக்கியம் எங்கள் பக்கத்துக் கடற்கரைக்காரர். பிறந்த மார்த்தாண்டன்துறை தமிழ்நாட்டில். மறைமாவட்டத்தின் தலைமையிடம் கேரளத்தில். 1991 முதல் பொறுப்பில் இருந்தார். 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கம் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. தேடச் சொல்லி அரசுகளிடம் முறையிட்டதும், அழுத வீடுகளுக்குப் பதில் சொன்னதும் அவர்தான். ஆயருக்குப் பூசை வைப்பதுதானே வேலை என்பவர்கள் அந்த மாதங்களைப் பார்த்திருக்க வேண்டும். 2019இல் ரோம் போய்வந்தவர் நோய்த்தொற்றில் கவலைக்கிடமாகி மீண்டார். 2021 மார்ச்சில் 75 நிறைந்தது. அடுத்தவராகத் தாமஸ் ஜெ. நெற்றோ அறிவிக்கப்பட்டது 2022 பிப்ரவரி 2இல்.

ஆயரின் கடிதத்தை வாங்க ரோமில் ஆளுண்டு. போப்பின் கடிதத்தை யார் வாங்குவது? அவருக்கு வயது வரம்பும் இல்லை. சுய விருப்பத்தோடு விலக வேண்டும், அதை முறைப்படி அறிவிக்க வேண்டும், யாரும் ஏற்கத் தேவையில்லை என்கிறது திருச்சபைச் சட்டம். அதாவது, 'இனி என்னால் ஆகாது' என்று அவரேதான் கண்டுகொள்ள வேண்டும். என் கணக்கில் அந்தப் பதவியின் பெரிய பாரம் இதுதான். தனிமைத் துறவியாக வாழ்ந்து போப்பான ஐந்தாம் செலஸ்தீன் 1294இல் சில மாதங்களிலேயே விலகினார். 1415இல் பன்னிரண்டாம் கிரகோரி போனது திருச்சபைப் பிளவை முடிக்க. பிறகு 2013 பிப்ரவரி 11 அன்று, 85 வயதுப் பதினாறாம் பெனடிக்ட் கர்தினால்கள் முன் லத்தீனில் அறிவித்தார். அவருக்கு முந்தைய இரண்டாம் யோவான் பவுலோ நடுக்குவாதத்தோடு சாகும்வரை இருந்தார்.

"தகப்பனுக்கு ஏது மக்கா ரிட்டயர்மென்ட்?" என்பார் என் மாமி.

"தகப்பனுக்கு உலகம் முழுக்க ஆயர்களை நியமிக்கிற வேலை கிடையாதே மாமி!"

போப் நினைவிழந்து கிடந்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான வழி இல்லை. அதனால்தான் போப் பிரான்சிஸ் 2013இலேயே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கர்தினால் பெர்தோனேயிடம் கொடுத்துவைத்தார். 2022இல் வெளியே சொன்னார். 2025 ஏப்ரல் 21 அன்று, 88 வயதில், பதவியிலேயே மறைந்தார். கர்தினால்களுக்கு 80 ஆனால் போப்பைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு போய்விடுகிறது. அந்த 80ஐப் போப்புக்கும் வைத்தால் என்ன?