சாசேஜும் சிகரெட்டும் ஒன்றா?

2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புகையிலை உள்ள அதே முதல் பிரிவில் சேர்த்தனர்.

அப்படியானால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவையா? இல்லை. ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் இந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்தின் அளவை அல்ல. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்களின் மதிப்பீடு. 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய், ஏறக்குறைய 6 பேருக்கு வரும். புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயமோ பல மடங்கு.

காரணம் என்ன? இறைச்சி கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் நைட்ரைட் உப்பிலிருந்து உடலுக்குள் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகி, குடலின் உட்சுவர் செல்களைப் பாதிக்கின்றன. இத்தகைய இறைச்சியை அதிகம் உண்போரிடம் இரண்டாம் வகை நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுகிறது.

எப்போதாவது உண்டதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் அது அன்றாட உணவாகிவிடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு.