வயதான வேட்டைக்காரருக்கு எந்தக் கடப்பாரை?

அறுவடை முடிந்த வயல். பனி இன்னும் விலகவில்லை.

வரப்பு ஓரமாக ஒரு பெரியவர் நடந்து வருகிறார். தோளில் கடப்பாரை. பின்னால் பேரன் வருகிறான். அவன் கையில் ஒரு மண்பானை.

பெரியவர் சட்டென்று நிற்கிறார். குனிந்து தரையைப் பார்க்கிறார். வரப்பின் அடியில் புது மண் தள்ளப்பட்டிருக்கிறது.

"இங்கதான்டா இருக்கு" என்கிறார்.

"எப்படித் தாத்தா தெரியும்?"

"மண்ணு ஈரமா இருக்கு பாரு. ராத்திரி தள்ளின மண்ணு."

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் இது பழகிய காட்சி. இவர்கள் இருளர்கள். வயலில் எலி பிடிப்பது இவர்களுடைய பரம்பரைத் தொழில்களில் ஒன்று.

இந்தப் பெரியவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண் பழுதில்லை. காலும் நடக்கும். ஆனால் கடப்பாரையை ஓங்கினால் தோள் வலிக்கிறது. பானையை ஊதினால் மூச்சு வாங்குகிறது.

இனி அவர் எந்தக் கருவியை எடுப்பது?

சின்னக் கேள்விதான். ஆனால் ஒரு வீட்டின் அன்றைய குழம்பும் சோறும் அதில்தான் இருக்கிறது.

மான் போயிற்று, எலி நின்றது

வேட்டை என்றதும் நமக்கு வில்லும் அம்பும் மானும் நினைவுக்கு வரும்.

ஆனால் நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் சில விலங்குகளை மட்டும் உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த வழியும் அடைபட்டது.

மானைத் தொட்டால் சிறை. முயலைத் தொட்டாலும் குற்றம். உடும்பைத் தொட்டாலும் குற்றம்.

எலியின் கதை வேறு. 1972 சட்டம் எலியைத் தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில் வைத்தது. ஆகவே காட்டைத் தெரிந்த இருளருக்கு வயல் எலி ஒன்றே தடையில்லாத வேட்டையாக நின்றது.

பூமிக்கு அடியில் ஒரு களஞ்சியம்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். எலியின் வளையைத் தோண்டிப் பார்த்தால் அந்தப் பழமொழியின் அருமை தெரியும்.

வரப்புக்கு உள்ளே வழி வளைந்து வளைந்து போகும். குட்டி போட ஓர் அறை இருக்கும். நெற்கதிரைச் சேர்த்து வைக்க வேறு அறை இருக்கும். தப்பி ஓட ரகசிய வாசல்களும் இருக்கும்.

எலி சினைப்பட்டு ஏறக்குறைய 3 வாரத்தில் குட்டி போடும். ஒரே ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். விட்டுவைத்தால் என்ன ஆகும்? கதிர் முற்றும் நேரத்தில் பாதி இரவில் பயிர் சாயும். நிலக்கடலை போட்ட கொல்லையிலும் காயைக் கிளறித் தின்னும்.

அதனால்தான் விவசாயி இருளரைக் கூப்பிடுகிறார். எலி பிடித்தால் கூலி கிடைக்கும். எலியின் கறி வீட்டுக்குக் குழம்பாகும். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் தோண்டியவருக்கே சேரும். குத்திப் புடைத்தால் அது வீட்டுக்கு அரிசி.

கடப்பாரையின் கணக்கு

இப்போது கருவிக்கு வருவோம்.

5 அடி நீளமும் 1 அங்குலக் கனமும் உள்ள இரும்புக் கடப்பாரை ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். 3 அடி நீளமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ளது சுமார் 2 கிலோதான்.

ஒரு வளையைத் தோண்ட 100 குத்து குத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடப்பாரை என்றால் மொத்தம் 600 கிலோவைத் தூக்கி இறக்கியதாக ஆகும். சின்னது என்றால் 200 கிலோதான்.

ஒரு நாளில் ஒரு வளையோடு வேலை முடியுமா? முடியாது. ஐந்து வளை என்றால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

"பெரிய கடப்பாரை ஒரே குத்தில் ஆழமாக இறங்குமே" என்று இளைஞர் கேட்பார். உண்மைதான். காய்ந்து இறுகிய செம்மண்ணில் அதற்குத்தான் வேலை. ஆனால் அறுவடை முடிந்த வயலில் வரப்பு ஈரம் காயாமல் இருக்கும். அங்கே சின்னக் கடப்பாரை போதும்.

சின்னதில் இன்னொரு லாபமும் உண்டு. வளை திரும்பும் இடமெல்லாம் கையும் திரும்ப வேண்டும். வரப்பின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே குட்டைக் கடப்பாரையால் கிண்டலாம். நெட்டைக் கடப்பாரைக்கு எழுந்து நின்றாக வேண்டும். ஒவ்வொரு தடவை எழும்போதும் முதுகு சொல்லும், வயது என்னவென்று.

அமெரிக்கத் தாத்தாவின் வில்

இந்தச் சங்கடம் இங்கே மட்டும்தானா? இல்லை.

அமெரிக்காவில் பருவ காலத்தில் உரிமம் வாங்கி மான் வேட்டையாடலாம். அங்கே வில்லால் வேட்டையாடுவோர் ஏராளம். வயதானதும் அவர்களுக்கும் தோள் தேய்கிறது. நாணை இழுத்துப் பிடித்தபடி மானுக்காகக் காத்திருக்க முடிவதில்லை.

அப்போது அவர்கள் குறுக்கு வில்லுக்கு மாறுகிறார்கள். துப்பாக்கிக் கட்டை போல ஒரு கட்டை. அதன் முனையில் குறுக்காக ஒரு வில். நாணை ஒரு தடவை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். பிறகு கொக்கியே அதைப் பிடித்துக்கொள்ளும். விசையைத் தட்டினால் அம்பு பறக்கும்.

அந்த நாணை இழுக்க 150 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 68 கிலோ பலம் வேண்டியிருக்கும். அதற்கும் வழி கண்டார்கள். கப்பி கோத்த கயிற்றால் இழுத்தால் பாதி பலம் போதும். கைப்பிடி சுற்றும் சக்கரம் இருந்தால் இன்னும் குறைவு.

முன்பு அங்கே பல மாநிலங்களில் வில் வேட்டைப் பருவத்தில் ஊனமுற்றவர்களும் முதியவர்களும் மட்டுமே குறுக்கு வில்லை எடுக்கலாம் என்று இருந்தது. பின்னால் பல இடங்களில் எல்லோருக்கும் அனுமதி வந்தது.

வாங்கப் போகும் அமெரிக்கத் தாத்தா என்ன பார்ப்பார்? எடை குறைவாக இருக்கிறதா? அகலம் அடக்கமாக இருக்கிறதா? தனியாக நாணேற்ற முடியுமா? ஆபத்து வேளையில் கைவிடாமல் இருக்குமா?

திண்டிவனத்துப் பெரியவரும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். அங்கே மான். இங்கே எலி. அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே அது பிழைப்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாயால் ஊதிய புகை

கடப்பாரையை விடப் பொல்லாதது பானை.

வளையின் வாசல்களைத் தேடி மண்ணால் அடைப்பார்கள். ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். பானைக்குள் வைக்கோலும் இலை தழையும் போட்டுக் கொளுத்தி, பானையின் வாயை அந்த வாசலில் வைப்பார்கள். பானையின் அடியில் ஒரு துளை இருக்கும். அதில் வாயை வைத்து ஊதுவார்கள். புகை வளைக்குள் போகும். எலி மயங்கும்.

ஆனால் புகை ஒரு பக்கம் மட்டுமா போகும்? பாதி புகை ஊதுகிறவரின் நெஞ்சுக்குள் போகும். பானை சூடேறி உதட்டையும் கையையும் சுடும். பல ஆண்டுகள் இப்படி ஊதியவருக்கு மூச்சுக்கோளாறு வரும். இதயமும் கெடும்.

இளமையில் இது தெரியாது. ஐம்பது வயதில் இருமலாக வந்து நிற்கும்.

இதற்கு ஒரு மாற்று பிறந்தது. திருவள்ளூர் மாவட்ட இருளர்களுக்காகச் சேது சேதுநாராயணன் என்பவரின் தொண்டு நிறுவனம் ஒரு புதுக் கருவியைச் செய்தது. பானைக்குப் பதில் இரும்பு உருளை. வாய்க்குப் பதில் கையால் சுற்றும் காற்றுச் சக்கரம். கொல்லர் பட்டறைத் துருத்தி செய்யும் வேலையை அது செய்தது. கைப்பிடியைச் சுற்றினால் புகை நேராக வளைக்குள் போகும். ஊத வேண்டியதில்லை. உதடு சுடுவதுமில்லை.

2003-இல் உலக வங்கி நடத்திய போட்டியில் இந்தத் திட்டம் பரிசு பெற்றது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. புதுக் கருவி வேட்டையை மாற்றவில்லை. நெஞ்சு பட்ட பாட்டைக் கைக்கு மாற்றியது. கை பட்ட பாட்டைச் சக்கரத்துக்கு மாற்றியது. வயதானவருக்கு வேண்டியது அதுதான்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

கருவி வாங்கும் முன் ஐந்து காரியங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: கையில் எடுத்து இருபது தடவை ஓங்கிப் பாருங்கள். முதல் குத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருபதாவது குத்தில் தோள் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

இரண்டு: முனையைப் பாருங்கள். மழுங்கிய முனைதான் ஆளைக் களைக்க வைக்கும். கொல்லரிடம் கொடுத்து, பழுக்கக் காய்ச்சி அடித்து, தோய்த்து வாங்குங்கள். நல்ல முனையுள்ள சின்னக் கடப்பாரை, மழுங்கிய பெரிய கடப்பாரையை விட மேல்.

மூன்று: பிடியைப் பாருங்கள். வயதான விரல் இறுக்கிப் பிடிக்காது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றினால் வழுக்காது.

நான்கு: வளைக்குள் வெறுங்கையை விடவே கூடாது. எலி இருக்கும் வளையில் நல்ல பாம்பும் இருக்கலாம். எலியின் சிறுநீர் பட்ட சேற்றிலிருந்து எலிக் காய்ச்சல் வரும். கையில் காலில் புண் இருந்தால் கட்டிக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சல் வந்தால், எலி பிடித்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்து: வயலில் மருந்து வைத்தார்களா என்று கேட்க வேண்டும். விவசாயிகள் சிலர் துத்தநாக பாஸ்பைடு என்னும் விஷத்தை இரையில் கலந்து வைக்கிறார்கள். விஷம் தின்ற எலி கறிக்கு ஆகாது. மனிதருக்கும் ஆபத்து. அதைத் தின்னும் ஆந்தைக்கும் ஆபத்து.

கருவியை விடப் பெரியது

எவ்வளவு நல்ல கடப்பாரையானாலும் எங்கே குத்துவது என்று அதற்குத் தெரியாது. அது தெரிந்தவர் பெரியவர்தான்.

எந்த மண் இன்றைக்குத் தள்ளியது, எது நேற்றையது? எந்த வாசலில் எலி நுழையும், எதில் ஓடும்? வளைக்குள் இருப்பது எலியா, பாம்பா? இவற்றைப் படிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. தாத்தா சொல்லிப் பேரன் கற்க வேண்டும்.

இந்த அறிவின் மதிப்பு என்ன என்பதற்கு ஓர் உதாரணம்.

இருளர்கள் முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். சட்டம் அதைத் தடுத்தது. பிழைப்பு போயிற்று. 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிறகு அதே கைகள் விஷம் எடுக்கப் பாம்பு பிடித்தன. விஷத்தை எடுத்த பின் பாம்பைக் காட்டில் விட்டார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்தாகி நாடெங்கும் உயிர் காக்கிறது.

அந்த இனத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்தன. முதல் 8 நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்கள் நம்பிப் போனது இயந்திரத்தையா? இல்லை. தடம் பார்க்கும் கண்ணைத்தான்.

கை ஓய்ந்த பிறகு

ஒரு நாள் 2 கிலோ கடப்பாரையும் கனக்கும். அப்போது என்ன செய்வது?

முதியோர் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அதை வாங்கக் காகிதம் வேண்டும். எத்தனையோ இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றிதழே நெடுங்காலம் கனவாக இருந்தது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்நின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சான்றிதழுக்காகவும் மனைப் பட்டாவுக்காகவும் போராடியது அதனால்தான்.

வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றே அவருடைய காகிதங்களைத் தேடிச் சரிபார்த்து வையுங்கள். அதுவும் ஒரு கருவிதான். தோளுக்கு வலிக்காத கருவி.

மறுபடியும் அந்த வயலுக்குப் போவோம்.

பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் குட்டைக் கடப்பாரை. பேரன் நெட்டைக் கடப்பாரையை ஓங்கி, தவறான இடத்தில் குத்தப் போகிறான்.

"அங்க இல்லடா. இந்தப் பக்கம் ரெண்டடி தள்ளிக் குத்து."

பேரன் தள்ளிக் குத்துகிறான். மண் உள்ளே சரிகிறது. வளை தெரிகிறது.

வயதாகிவிட்டது என்று யார் சொன்னது?