பருவத்தை முந்தும் பூசணி பியர்

ஐக்கிய அமெரிக்காவில் இலையுதிர் காலம் என்றதும் பலரது நினைவுக்கு வருவது பூசணி பியர். ஆவலுடன் வரவேற்கப்படும் இப்பானம் விரைவிலேயே சலித்துவிடுவது ஏன் என்பதை நாம் சற்று நோக்குவோம்.

குடியேற்றக் காலத்தில் முளைகட்டிய பார்லி எளிதிற் கிடைக்காமையால் மக்கள் பூசணியைக் கொண்டு பியர் தயாரித்தனர். அன்று அது தேவையின் விளைவு. 1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் ஹேவோர்ட் நகரில் சிறு மதுச்சாலையொன்றை நடத்திய பில் ஓவன்ஸ் அதற்குப் புத்துயிரளித்தார். பூசணி மட்டும் பியருக்குப் போதிய சுவையைத் தரவில்லை. எனவே பூசணிப் பலகாரத்துக்குரிய கறுவா, சாதிக்காய், கராம்பு போன்றவற்றை அவர் நாடினார்.

ஆக, நாவில் படுவது பூசணியன்று, வாசனைத் திரவியங்களே. கறுவாவும் கராம்பும் கறியிற் சேரும் எமது நாட்டில் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. அவை சிறிது மிகுந்தாலும் ஏனைய சுவைகள் மறைந்துவிடும். பூசணி பியரிலும் நிகழ்வது இதுவே. முதற் கிண்ணம் இனிக்கும், மூன்றாவது திகட்டும்.

இதனை மேலும் மோசமாக்கியது வர்த்தகப் போட்டியே. ஒக்டோபருக்குரிய பானம் ஓகஸ்டிலேயே, சில வேளைகளில் ஜூலையிலேயே கடைக்கு வந்துவிடுகின்றது. அப்போது புதிய பூசணி அறுவடையாகியிருப்பதில்லை. தகரத்திலடைத்த பழைய கூழே பெரும்பாலும் கைகொடுக்கின்றது. உரிய பருவம் வரும்போது நுகர்வோர் சலித்துப்போயிருப்பர்.

பருவப் பண்டத்தின் பெறுமதி அதற்காகக் காத்திருப்பதிலேயே உள்ளது. அக்காத்திருப்பை இல்லாதொழிக்கும் வியாபாரம் தனது சரக்கின் சுவையைத் தானே கெடுத்துக்கொள்கின்றது என்பதே எமது கருத்தாகும்.