ஏரி எண் 260

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிவைத்த ஏரிகள் இருக்கின்றன. அவற்றுள் 260ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை, ஆய்வாளர் கேரன் கிட் தலைமையிலான குழு கோடைதோறும் ஒரு மருந்தைக் கலந்தது: கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன். லிட்டருக்கு 5, 6 நானோகிராம். ஏறக்குறைய 20 கோடி லிட்டருக்கு ஒரே ஒரு கிராம்! நல்ல ஏரியை வேண்டுமென்றே கெடுப்பதா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் நகரக் கழிவுநீர் விழும் ஆறுகளில் இதே சோதனை யார் அனுமதியும் இல்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பிரிட்டனின் ஆறுகளில் ஆண் ரோச் மீன்களின் விந்தகத்துக்குள் முட்டைகள் வளர்வது 1990களிலேயே தெரிந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி எப்படி வருகிறது இந்த ஈஸ்ட்ரோஜன்? மாத்திரையின் ஹார்மோனை நம் உடல் வேறொரு மூலக்கூறோடு பிணைத்து, செயலிழக்க வைத்துத்தான் வெளியேற்றுகிறது. சாக்கடை பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. ஹார்மோன் பழையபடி வீரியத்தோடு ஆற்றுக்குப் போகிறது.

முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிப்பது பெண்மீனின் கல்லீரல். அதற்கான மரபணு ஆணிடமும் உண்டு. உத்தரவு வராததால் சும்மா கிடக்கும். 260இல் உத்தரவு தண்ணீரிலிருந்து வந்தது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரலளவு மீனின் ஆண்களுடைய உடலில் அந்தப் புரதம் இயல்பைவிடப் பல ஆயிரம் மடங்கு ஏறியது. விந்தணு வளர்ச்சி தடைப்பட்டது. இயல்பில் இந்த ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மூக்கில் முள்முடிச்சுகள் முளைக்க, கல்லடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளை முதுகால் தேய்த்துத் துப்புரவு செய்து காவல் காக்கும் பொறுப்பான தகப்பன்.

மீன்கள் செத்து மிதக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. குஞ்சு பிறப்பது நின்றது, அவ்வளவே. மின்னோவின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். இரண்டு பருவம் பொய்த்தால் வம்சமே ஆட்டம் காணும். அந்த ஏரியில் அது அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. மின்னோவைத் தின்னும், நீண்ட ஆயுள் கொண்ட ஏரி ட்ரவுட் மீனுக்கு அப்படி நேரவில்லை. ஆனால் இரை குறைந்ததில் அதுவும் குறைந்தது.

மருந்தை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோக்கள் மீண்டன. அதாவது, மருந்து வரும் வழியை அடைத்தால் போதும். ஸ்விட்சர்லாந்து அதைச் சட்டமாகவே ஆக்கியது: 2016 முதல் முக்கியமான சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோன் அல்லது செயலூட்டிய கரியால் இத்தகைய மருந்து எச்சங்களை நீக்கும் வேலை நடக்கிறது. அதற்கு அங்கே வசூலிக்கும் கட்டணம், தலைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 9 பிராங்க்.