அலையை மறித்த சுவர்

கொழும்புக் கோட்டையைக் கால்நடையாகக் காணச் செல்லும் மாணாக்கர் மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்குதல் நன்று. 1857இல் எழுந்த அக்கோபுரம் பின்னர் கலங்கரை விளக்காகவும் நின்றது. சூழ எழுந்த மாளிகைகள் ஒளியை மறைக்கவே, 1952இல் அப்பணி நீங்கிற்று.

அண்ணாந்து அதனை வியப்போர், துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவரை நோக்காது திரும்புதல் வருந்தத்தக்கது. கொழும்பைத் துறைமுகமாக்கியது அச்சுவரன்றோ! நம்மூரில் வறண்ட கச்சானாய் வீசும் தென்மேற்குக் காற்று, அங்கே பேரலைகளைக் கொணரும். ஆதலின் பெருங்கப்பல்கள் முன்னர், நீருள் பாறைகள் மறைந்து கிடந்த காலித் துறையையே நாடின. சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி, 1875இல் வேல்ஸ் இளவரசர் தொடக்கிவைக்க, கொங்கிரீட்டுப் பாளங்களைக் கடலினுள் அடுக்கி, ஏறத்தாழ 4,200 அடி நீளத்துக்கு 1885இல் கட்டி முடித்தனர். கப்பல்கள் காலியை விட்டகன்றன.

இன்று அதற்கும் வெளியே, 2012இல் முற்றுப்பெற்ற புதிய சுவரொன்று அலைகளை ஏற்று நிற்கின்றது.