வானதி எப்போது வளர்ந்தாள்?
‘பொன்னியின் செல்வன்’ துணை நாயகியரை வகுப்பறையில் வாசித்தல்

மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் ‘பொன்னியின் செல்வன்’ கதையில் பிடித்த பெண் யார் என்று கேட்டுப் பாருங்கள். படத்தை மட்டும் பார்த்தவர்கள் நந்தினி என்பார்கள், அல்லது குந்தவை என்பார்கள். நூலைப் படிக்கத் தொடங்கியவர்களிடம் மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் பூங்குழலி, வானதி, மணிமேகலை என்று பதில் மாறியிருக்கும். எங்கள் பள்ளி வாசிப்பு வட்டத்தில் இரண்டு ஆண்டுகளாக நான் கவனித்து வருவது இது. இந்த மாற்றம் ஏன் வருகிறது, அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதல் காரணம் நூலின் அளவு. கல்கி இதை 1950 அக்டோபர் முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக எழுதினார். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். ஐந்தாம் பாகமான ‘தியாக சிகர’த்தில் மட்டும் 91 அத்தியாயங்கள் உள்ளன. மூன்றரை ஆண்டு ஓடும் தொடரில் கதாநாயகியை மட்டுமே வைத்துக்கொண்டு கதையை நகர்த்த முடியாது. வாரா வாரம் காத்திருக்கும் வாசகருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் போன்ற சிலரும் வேண்டும். அவர்கள் வளர்வதற்கு இடமும் காலமும் இருக்கிறது. குந்தவையும் நந்தினியும் அறிமுகமாகும்போதே முழுமை அடைந்தவர்கள். அவர்களைப் பற்றி நமக்குப் புதுச் செய்தி கிடைக்குமே தவிர, அவர்கள் பெரிதாக மாறுவதில்லை என்பது என் எண்ணம். மாறுகிறவர்கள் துணை நாயகியர்தாம்.

வானதியை எடுத்துக்கொள்வோம். கொடும்பாளூர் இளவரசி, தாய் தந்தை இல்லாதவள், பழையாறையில் குந்தவையின் நிழலில் வாழ்கிறவள். இளவரசர் அருள்மொழிவர்மர் ஈழப் போருக்குப் புறப்படும்போது மங்கல விளக்குத் தட்டு ஏந்தி நிற்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. அவர் அருகில் வந்ததும் தட்டு கைநழுவி விழுகிறது; அவளும் மயங்கி விழுகிறாள். அபசகுனம் என்று மற்றப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அதன் பிறகும் எதற்கெடுத்தாலும் அவளுக்கு மூர்ச்சைதான். எங்கள் பையன்கள் இந்தப் பகுதியில் சிரித்துவிடுவார்கள். “இவளைப் போய் எப்படி மிஸ் ராணி ஆக்குவாங்க?” என்று ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் பாகம் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் பாகத்தில் ‘வானதியின் சபதம்’ என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இளவரசரை அவள் விரும்புவது சிங்காதனத்துக்காகத்தானே என்ற குத்தல் எழுகிறது. பூங்குழலியின் முன்னிலையில் வானதி ஒரு சபதம் செய்கிறாள்: அருள்மொழிவர்மர் அரசரே ஆனாலும், அவரை மணந்துகொண்டாலும், தான் சிங்காதனத்தில் அமரப் போவதில்லை. அதுவரை பிறர் பேசக் கேட்டுக்கொண்டிருந்த பெண் அவள். குந்தவை சொன்னால் அழுவாள், குந்தவை சொன்னால் சிரிப்பாள். இந்த ஒரு சபதத்தைக் குந்தவை சொல்லிக் கொடுக்கவில்லை.

இங்கே நிறுத்தி மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வானதியின் காதல் மாறிவிட்டதா? இல்லை. தட்டு விழுந்த நாளிலும் அதே ஆள், சபத நாளிலும் அதே ஆள். மாறியது என்ன என்று அவர்களே தேடட்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி சொன்ன விடையை அப்படியே தருகிறேன்: “முன்னாடி அவர் கிடைப்பாரான்னு பயம் மிஸ். இப்ப, தான் எப்படி இருக்கணும்னு தெரிஞ்சிடுச்சு.” இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த அத்தியாயத்தை அடுத்தே வெள்ளம் வருகிறது. கூரையோடு மிதக்கும் வானதியைக் காப்பாற்றப் பூங்குழலி வெள்ளத்தில் பாய்கிறாள். ஒரே ஆளை விரும்பும் இரு பெண்கள் இவர்கள். தொலைக்காட்சித் தொடராக இருந்தால் ஒருத்தி சாப்பாட்டில் விஷம் வைத்திருப்பாள். இதை நான் வகுப்பில் சொன்னபோது மாணவிகளை விட மதிய உணவுக்குக் காத்திருந்த சத்துணவு அம்மாதான் அதிகம் சிரித்தார்.

தொடர்கதையில் துணை நாயகி வளரும் இந்த முறை தமிழுக்கு மட்டும் உரியது அன்று. 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வந்த ஹாரி பாட்டர் மாயக்கதையை நம் மாணவர்கள் பலர் படமாகவாவது பார்த்திருக்கிறார்கள். அதில் ஜின்னி வீஸ்லி என்ற பெண் இரண்டாம் நூலில் ஹாரியைக் கண்டதும் வெட்கத்தில் முழங்கையை வெண்ணெய்த் தட்டில் வைத்துவிடுவாள். பேச்சே வராது. ஐந்தாம் நூலில் அவள் மாணவர்களின் இரகசியப் பயிற்சிக் குழுவில் இருக்கிறாள். ஹாரியிடம் நேருக்கு நேர் வாதாடுகிறாள். ஆறாம் நூலில்தான் காதல் கைகூடுகிறது. வெண்ணெய்த் தட்டையும் விளக்குத் தட்டையும் அருகருகே வைத்தால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இரு கதைகளிலும் திரைப்படத்தில் இந்த வளர்ச்சிக்குக் கிடைத்த நேரம் குறைவு. மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாக எடுத்தபோதும் 293 அத்தியாயங்களை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. “படத்தில் விட்டது என்ன?” என்று கேட்டு நூலுக்குள் இழுத்துவர நமக்கு அது ஒரு வாய்ப்பு.

பூங்குழலிக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இவள்மீதுதான் உயிர். கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தனியாகக் கடலில் படகு ஓட்டுகிறவள். சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவைதாம் என் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொல்கிறவள். அவளுடைய துடுக்குப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது அருள்மொழிவர்மர் மேல் உள்ள சொல்ல முடியாத ஆசை.

அவளைப் புரிந்துகொள்ள அவளுடைய அத்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊமை ராணி எனப்படும் மந்தாகினி இளமையில் ஒரு தீவில் சுந்தர சோழரைக் கண்டு அன்பு கொண்டவள். அவர் அரசுரிமைக்காக அழைத்துச் செல்லப்பட்டார். அவள் வாழ்வு சிதறியது. கடைசியில் அவருக்கு வந்த வேலைத் தன் உடலில் தாங்கி உயிர் விடுகிறாள். படகுக்காரர் வீட்டுப் பெண் இளவரசனை விரும்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி பூங்குழலியின் குடும்பத்திலேயே இருக்கிறது. அத்தையின் வாழ்க்கையை அவள் உற்றுப் பார்க்கிறாள். அதிலிருந்து தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று மெதுவாக முடிவு செய்கிறாள். அரண்மனைக்கும் ஆசைப்பட்டவள்தான், அதை மறைப்பதும் இல்லை.

சேந்தன் அமுதன் வேறு அத்தையின் மகன். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுப்பவன். பூங்குழலியை விரும்புகிறான். அவள் மனம் வேறிடத்தில் இருப்பதும் அவனுக்குத் தெரியும். காய்ச்சலில் நினைவிழந்த இளவரசரைக் கோடிக்கரையிலிருந்து நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்குக் கால்வாய் வழியே படகில் கொண்டு செல்லும்போது அமுதனும் உடன் செல்கிறான். தான் விரும்பும் பெண் விரும்பும் ஆளைப் பிழைக்க வைக்கத் துணை போகிறான். அவளை மறித்து நிற்பதில்லை, மிரட்டுவதில்லை, கையை அறுத்துக்கொள்வதில்லை.

ஆண் பிள்ளைகள் உள்ள வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படகுப் பயணத்தில்தான். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் காரணம் புரியும். ஷிப்டுக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஓடும். பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் மாணவிகளின் அக்காக்கள், சில வீடுகளில் அம்மாக்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டித் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பல மாணவிகள் இந்த உலகத்துக்குப் போவார்கள். கையில் சம்பளம், கைப்பேசி, வீட்டை விட்டு விடுதி. காதல் அங்கே வரும்; பள்ளியிலேயே வந்துவிட்டதும் உண்டு. ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்கப் பழகாத பையன்களும் அதே சாலையில்தான் நிற்கிறார்கள்.

நாம் அவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புகிறோம்? பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21 என்று சொல்கிறோம். போக்சோ சட்டத்தைச் சொல்கிறோம். 1098 எண்ணைச் சுவரில் எழுதி வைக்கிறோம். இவை கட்டாயம் வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது. ஆனால் மனத்தில் ஓர் ஆசை வந்தால் அதை எப்படிப் பார்ப்பது, காத்திருப்பது எப்படி, ஏமாற்றத்தை எப்படித் தாங்குவது என்பதைப் பேச நம்மிடம் பாடவேளை இல்லை. பேசினாலும் மாணவிகள் தலை குனிந்துகொள்வார்கள். பூங்குழலியைப் பற்றி என்றால் தலை நிமிர்ந்து பேசுகிறார்கள். யாருடைய கதை என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா!

இதில் கவனமாகக் கையாள வேண்டியவள் மணிமேகலை. கடம்பூர் இளவரசி, கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவனைக் கனவிலும் நனவிலும் விரும்புகிறாள். ஆதித்த கரிகாலன் கொலைப் பழி அவன்மேல் விழுந்தபோது, கொன்றவள் நானே என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள முன்வருகிறாள். அவன் மனம் குந்தவையிடம் இருக்கிறது. மணிமேகலைக்குச் சித்தம் கலங்குகிறது. ‘மலர் உதிர்ந்தது’ என்ற கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவனின் மடியில் உயிர் பிரிகிறது. ஐந்து பாகக் கதையையும் கல்கி இவளுடைய சாவில்தான் முடிக்கிறார்.

படித்து முடித்ததும் வகுப்பே அழும். அந்த அழுகையோடு மணி அடித்துவிடக் கூடாது. சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “இது தியாகம்தானே மிஸ்? உண்மையான லவ்னா இப்படித்தானே இருக்கும்?” குரலில் இருந்த அவசரம் எனக்குச் சரியாகப் படவில்லை. வகுப்பில் பொதுவாக ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டேன். வந்தியத்தேவன் இவளிடம் எப்போதாவது உறுதி கொடுத்தானா, பக்கம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். தேடினார்கள். அவள் தானாகவே கட்டிக்கொண்ட கோட்டை எவ்வளவு பெரிது என்பது புத்தகத்தைப் புரட்டப் புரட்டத் தெரிந்தது. அன்று மாலை அந்த மாணவி பேருந்தை விட்டுவிட்டு என்னிடம் வந்து பேசினாள். என்ன பேசினாள் என்பது இங்கே வேண்டாம். தேவைப்பட்ட உதவி கிடைத்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

மூவரையும் ஒன்றாகப் பார்க்கும்போது பூங்குழலியின் முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமுதனை அவள் ஏற்றுக்கொள்ளும்போது அவன் வெறும் பூமாலைக்காரன். அவன்தான் செம்பியன் மாதேவியின் மகன், உத்தம சோழனாக முடிசூடப் போகிறவன் என்ற செய்தி பின்னால்தான் வெளிப்படுகிறது. அரண்மனையை விட்டுவிட்டேன் என்று முடிவு செய்தவளை அரண்மனை தேடி வருகிறது. சிங்காதனம் வேண்டாம் என்ற வானதியை மணப்பவர் இராசராசன் ஆகிறார். கல்கிக்குக் குறும்பு அதிகம்.

வரலாற்று ஆசிரியரையும் ஒரு பாடவேளைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். உத்தம சோழனும் செம்பியன் மாதேவியும் கல்வெட்டுகளில் இருப்பவர்கள். இராசராசன் அரியணை ஏறியது 985இல். இராசேந்திரனின் தாயைக் கல்வெட்டுகள் வானவன் மாதேவி என்கின்றன. பூங்குழலியும் மணிமேகலையும் கல்கியின் கற்பனை. எங்கள் மாணவர்கள் வல்லவரையன் என்ற பெயரைக் கேட்டதும் பக்கத்து வல்லத்துக்காரன் என்று உரிமை கொண்டாடினார்கள். அது பாலாற்றுக்கு வடக்கே பொன்னையாற்றங்கரையில் உள்ள திருவல்லம் என்றதும் முகம் வாடிவிட்டது. ஆதித்த கரிகாலன் இருந்த காஞ்சி நம் மாவட்டம்தானே என்று தேற்றினேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மலிவுப் பதிப்புகள் உண்டு, மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் முழுநூலும் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து பாகங்களையும் எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. கதைச் சுருக்கத்தை ஒரு பாடவேளையில் சொல்லிவிட்டு, கோடிக்கரைப் பகுதிகள், நாகப்பட்டினம் படகுப் பயணம், பிறகு ‘வானதியின் சபதம்’, ‘கூரை மிதந்தது’, ‘பூங்குழலி பாய்ந்தாள்’ என்ற தொடர்ச்சியான மூன்று அத்தியாயங்கள் ஆகியவற்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லலாம். பூங்குழலியின் பேச்சை ஒரு பையனும் அமுதனின் பேச்சை ஒரு பெண்ணும் வாசிக்கட்டும். முதலில் கூச்சல் இருக்கும், இரண்டாம் பக்கத்தில் அடங்கிவிடும். வட மாநிலத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் படத்தின் கதையை அவர்கள் தம் மொழியில் கேட்டிருப்பார்கள். பெயர்களை அவர்களும் பிடித்துக்கொள்வார்கள். ‘மலர் உதிர்ந்தது’ அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வைக்காதீர்கள். மறுநாள் பள்ளி இருக்கும் நாளாகப் பார்த்து, முதல் பாடவேளையில் வையுங்கள். அன்று மாலை உங்கள் பேருந்தும் கொஞ்சம் தாமதமாகட்டும்.