மூடிய அறையின் காற்றுக்கு யார் பொறுப்பு?

கரோனா பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஈராண்டுகள், இடையிடையே சில தளர்வுகளைத் தவிர, திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை நீடித்தது. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கி.மீ. பாதை முழுநிலவு இரவுகளில் வெறிச்சோடிக் கிடந்ததை இவ்வூரில் வசிப்பவன் என்ற முறையில் நான் பார்த்தேன். அதே காலகட்டத்தில், 50 பேருக்கு மிகாமல் திருமணம் நடத்திக்கொள்ள அனுமதி இருந்தது.

அப்படி ஒரு திருமணத்துக்கு நானும் சென்றேன். சன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்ட, குளிரூட்டப்பட்ட அரங்கு. வாசலில் கிருமிநாசினி தந்தார்கள். நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த முன்னெச்சரிக்கைகள் எல்லாம் இருந்தன. ஒரு வாரத்துக்குள் எங்கள் உறவினர்களில் ஒன்பது பேர் காய்ச்சலில் படுத்தோம். எங்களுள் மூத்தவரான என் அத்தான் பிறகு எழவே இல்லை.

கிரிவலத் தடை தவறு என்று வாதிடுவது என் நோக்கமன்று. லட்சக்கணக்கானோர் வெளியூர்ப் பேருந்துகளில் நெருக்கியடித்து வந்து, விடுதி அறைகளில் தங்கிச் செல்லும் ஊர் இது. ஆனால், ஆபத்து மிகுந்திருந்தது அந்தப் பேருந்திலும் அறையிலும்தான். வானம் பார்த்த பாதையில் அது மிகக் குறைவு. தலைகளை எண்ணிய நாம், அந்தத் தலைகள் சுவாசித்த காற்றைக் கணக்கில் கொள்ளவில்லை.

சாம்பிராணிப் புகையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கோயிலின் திறந்த பிராகாரத்தில் எழும் புகை சில நொடிகளில் கரைந்துவிடுகிறது. அதே புகையைக் கதவடைத்த அறையில் போட்டால், தூபக்காலை அகற்றிய பிறகும் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் பேசும்போதும் பாடும்போதும், வெறுமனே மூச்சு விடும்போதும்கூட வெளிப்படும் நுண்துளிகள் அப்புகையைப் போன்றவை. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடுகின்றன. நுண்துளிகளோ காற்றில் மிதந்து அறை முழுவதும் பரவுகின்றன. மின்விசிறி அவற்றைக் கலக்குகிறதே தவிர வெளியேற்றுவதில்லை. நம் வீடுகளிலும் அரங்குகளிலும் பெருகியுள்ள 'ஸ்பிளிட் ஏசி' வகைக் குளிர்சாதனமோ உள்ளிருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்துத் திரும்ப விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் நடந்தது இதற்குச் சான்று. அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உணவருந்திய மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று உறுதியானது. அம்மூன்று மேசைகளும் ஒரே குளிர்சாதனத்தின் காற்றோட்ட வளையத்தில் இருந்தன. வெளிக்காற்று உள்ளே வர அநேகமாக வழியே இல்லை. தமிழ்நாட்டிலும், 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. மரங்கள் அடர்ந்த பரந்த வளாகம்தான் அது. எனினும், விடுதி உணவுக்கூடத்தை மூடி, மாணவர்களின் அறைகளுக்கே உணவு அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்த அறிவு புதியதன்று. நுண்துளிகள் காற்றில் மிதந்து நோய் பரப்பும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் 1930-களிலேயே விளக்கினார். ஆயினும், உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 28 அன்று, கரோனா காற்றின் வழி பரவுவதில்லை என்றே அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கூட்டாக வலியுறுத்திய பிறகும், அந்த நிலைப்பாடு தயங்கித் தயங்கியே மாறியது. இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், நுண்துளிகள் 10 மீட்டர் வரை செல்லக்கூடும் என்றும், சன்னல்களைத் திறந்து காற்றை வெளியேற்றும் விசிறிகளைப் பொருத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தியது 2021 மே மாதத்தில். அதற்குள் இரண்டாம் அலை நம் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்ட இன்று இதை ஏன் பேச வேண்டும்? தட்டம்மையும் இன்ஃபுளுயன்சாவும் இதே வழியில்தான் பரவுகின்றன. பாக்டீரியாவால் வரும் காசநோய்க்கும் காற்றே வாகனம். அவை எவையும் ஓய்ந்துவிடவில்லை.

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் எடுக்கும் முடிவின் விலையை வேறொருவர் செலுத்துவது அது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்தால் அதையும் குளிர்விக்க வேண்டும். மண்டப உரிமையாளரின் மின்கட்டணம் கூடும். அதனால் விளையும் நன்மையோ விருந்தினருக்கும், அவர்கள் வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கும் போய்ச் சேரும். 'முழுவதும் குளிரூட்டப்பட்டது' என்ற பலகைக்கு வாடகை கூடுகிறது. 'காற்றோட்டம் உள்ளது' என்பதற்கு எவரும் கூடுதலாகத் தருவதில்லை. இத்தகைய நிலையில் சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளாது, பொதுவிதிதான் தேவை. குடிநீரின் தூய்மையை விற்பவரின் நல்லெண்ணத்துக்கு நாம் விட்டுவிடவில்லை அல்லவா?

காற்றின் தரத்தை அளப்பதும் கடினமன்று. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ அது 40,000 பங்கு. ஓர் அரங்கில் இந்த அளவு 2,000-ஐத் தொட்டால், அங்கு நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு, ஏற்கெனவே எவரோ ஒருவரின் நுரையீரலில் இருந்து வந்தது என்று பொருள். கைக்கடக்கமான ஒரு கருவி இதைக் காட்டிவிடும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு காற்றோட்டம் குறித்து விரிவாகவே பேசுகிறது. அது ஏட்டில் நின்றுவிடாமல் இருக்க மூன்று செயல்கள் போதும். மண்டபம், விடுதி, திரையரங்கு, பயிற்சி மையம் ஆகியவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, தீயணைப்பு ஏற்பாட்டைப் பார்ப்பதுபோல் காற்றோட்டத்தையும் அளக்க வேண்டும். கரியமில வாயு அளவு அனைவரும் பார்க்கும்படி அரங்கில் காட்டப்பட வேண்டும். வகுப்பறைகளிலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களிலும் எதிரெதிர்ச் சன்னல்களும் காற்று வெளியேற்றும் விசிறிகளும் இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும்.

நம் முன்னோர் நுண்துளியை அறிந்திருக்கவில்லை. வெப்பத்தைத் தணிக்க அவர்கள் வைத்த முற்றமும், சன்னலுக்கு மேல் விட்ட காற்றுத் துளையும் இந்தக் காவலையும் சேர்த்தே செய்தன. அவற்றை அடைத்துவிட்டு அதே காற்றை நாம் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை மண்டபம் பார்க்கச் செல்லும்போது இருக்கைகள் எத்தனை என்று கேட்பதோடு, சன்னல்கள் திறக்குமா என்றும் கேட்போம். அன்று நாங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).